பொருந்தவில்லை என்றொரு வார்த்தை

அன்புள்ள வாண்டுக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம் என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். அம்மாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது. உன் அண்ணன் அப்படியே இருக்கிறான். நான் நின்றுகொண்டே தூங்கப் பழகிவிட்டேன். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அம்மாவிடம், "சரிம்மா, அண்ணனுக்கு நான் தர்றேன், லீவு போட்டுட்டு வர்றேன்" என்று சொன்னதை நானும் கேட்டேன். அம்மா போனைக் காதில் வைத்துப் பேசி வருஷக்கணக்காகிறது, எப்போதும் ஸ்பீக்கர்தான். அடுத்த அறையில் படுத்திருந்த உன் அண்ணனுக்கும் கேட்டிருக்கும். மாடி வீட்டுக்காரர்களுக்கும் கேட்டிருக்கும். அம்மா அழுதாள், நீ அழுதாய், "பெத்த வயிறு குளுந்துபோச்சு" என்றாள் அம்மா, போனை வைத்தாயிற்று. நான் அடுப்படியில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். ஒருத்தி தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று சொல்லி முடித்த நேரத்துக்குள் அடுப்பில் வைத்த பால்கூடப் பொங்கவில்லை.

அதனால்தான் தாளில் எழுதுகிறேன். போனில் எழுதினால் என் போனை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாக வாசிப்பாள். உன் போனை உன் பெரியவள் விளையாட எடுத்துக்கொள்வாள். இது நீ மட்டும் படிக்க வேண்டியது. இப்போது எங்கள் டயாலிசிஸ் பிரிவின் ஸ்டோர் ரூமில் சலைன் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். காலை ஷிப்ட் முடிந்து மதிய ஷிப்ட் ஏறுவதற்கு இடையில் கிடைக்கிற நேரம் இது. நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்கள். எனக்கு வேலையும் இருக்கிறது, நிற்கவும் நேரமில்லை. இரண்டு மெஷின் பழுது. நான் ஒன்றரை வருஷம் கற்றுக்கொடுத்துத் தேற்றிய பெண் வெளிநாட்டுக்குப் போய்விட்டாள். ஊசி பிடிக்கவே கை நடுங்குகிற நாலு புதுப் பெண்களை அனுப்பியிருக்கிறார்கள். கற்றுக்கொடுக்கக் கற்றுக்கொடுக்கப் பறந்துவிடுகிறார்கள், நான் கூடு மாதிரி இங்கேயே கிடக்கிறேன்.

உன் அண்ணன் வாரத்துக்கு மூன்று நாள் மதியம் வந்து ஜன்னலோரம் படுத்துக்கொள்கிறான். நாலு வருஷமாக இதுதான். என் சர்க்கரையும் அம்மாவின் வயசும் உனக்குத் தெரிந்ததுதான், எங்களிடம் எடுக்க மாட்டார்கள். இந்த இடத்துக்கு அவன் வைத்திருக்கிற பேர் மாமியார் வீடு. அவன் கற்றுக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூல் பிள்ளைகள் போன் பண்ணினால், "மாமியார் வீட்ல இருக்கேன், சாயங்காலம் ரிலீஸ்" என்கிறான். பாதிப் பேர் அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே வந்தால் என்னை அக்கா என்று கூப்பிட மாட்டான், சிஸ்டர்தான். வீட்டில் சிஸ்டர் என்று கூப்பிட்டால் கோபமாக இருக்கிறான் என்று அர்த்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ வந்ததும் உன்னை ஓர் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்துவார்கள். உள்ளே அம்மா இருக்க மாட்டாள், அண்ணன் இருக்க மாட்டான், நானும் இருக்க மாட்டேன். இது நான் சண்டை போட்டுக் கொண்டுவந்த ஏற்பாடு. முன்பு அப்படி ஒன்றும் கிடையாது. தன் அண்ணனுக்குத் தர வந்த யார் வீட்டுத் தம்பியோ ஒருவன் எல்லாக் கேள்விக்கும் சரி சரி என்றான். ஆபரேஷன் அன்று காலை ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகிறேன், ஸ்ட்ரெச்சர் கடகடவென்று ஆடுகிறது. சக்கரம்தான் கோணல் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். சக்கரம் நன்றாகத்தான் இருந்தது. நடுங்கியது அவன். லிப்டுக்குள் ஏற்றாமல் நிறுத்திவிட்டேன். பெரிய டாக்டர் வந்து, "நீங்க நர்ஸா, வக்கீலா" என்று கத்தினார். இவனுக்கு ரெண்டு பேரும் இதுவரை கிடைக்கவில்லை சார் என்றேன். ஒரு வாரம் வேலையை விட்டு நிறுத்திவைத்தார்கள், உனக்கு ஞாபகமிருக்கும்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த அறை. தருகிறேன் என்று வருகிற யாராக இருந்தாலும் ஒரு நர்ஸ் தனியாக உட்கார்ந்து பேசுவாள். கொடுக்கிறீர்களா என்று கேட்கக் கூடாது என்று புதுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படிக் கேட்டால் யாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கொடுக்காமல் போனால் வீட்டில் என்ன ஆகும் என்று கேளுங்கள் என்பேன். ஒன்றும் ஆகாது என்று சட்டென்று சொல்கிறவர் மனசோடு கொடுக்கிறவர். யோசிக்கிறவரிடம் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள். வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால், நாங்கள் வெளியே வந்து வீட்டாரிடம் ஒரே வார்த்தை சொல்வோம், பொருந்தவில்லை என்று. அதற்கு மேல் யாரும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. உடம்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு மனுஷர்கள் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடலாம்.

உன்னிடம் கேட்கப்போவது நானில்லை, நாங்கள் ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுகிற நர்ஸ். அவள் வயிற்றில் போட்டது வாய்க்கு வராது. அவள் கல்யாணம் ஆனதே எங்களுக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தெரியும். நீ அவளிடம் என்ன சொன்னாய் என்று நான் கேட்க மாட்டேன், அவளும் சொல்ல மாட்டாள். உனக்கு ரெண்டு குழந்தைகள். வெளிநாட்டில் நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற லாண்டரி வேலை. பயம் இருந்தால் அது பாவமில்லை. ஆசை இருந்தால் அதுவும் நல்லதுதான். அம்மா முகத்தையோ என் முகத்தையோ மனசில் வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போகாதே.

மணி அடிக்கிறது, மதிய ஷிப்ட் ஏறுகிறார்கள். சின்னவளுக்கு இருமல் விட்டதா? குழந்தைகளுக்கு என் முத்தங்கள். வரும்போது ஸ்வெட்டர் எல்லாம் தூக்கிக்கொண்டு வராதே, பெட்டி கனக்கும்.

உன் அக்கா

*

அன்புள்ள வாண்டுக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. நீ வந்திருந்த ஒன்பது நாளும் வீடு வீடாக இருந்தது. அண்ணனும் நீயும் டிவி ரிமோட்டுக்கு அடித்துக்கொண்டதைப் பார்த்து அம்மா எத்தனை வருஷம் கழித்துத் திட்டினாள். இப்போது ரிமோட் சும்மா கிடக்கிறது.

முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போன பிறகு ரிசல்ட் வந்ததும் போனில் உனக்குச் சொன்னது நிஜம். பொருந்தவில்லை. உன் சிறுநீரகத்தில் ஒரு குறையும் இல்லை. குறை அவன் ரத்தத்தில். ஆரம்பத்தில் ரத்தச்சோகைக்காக அவனுக்குப் பல தடவை ரத்தம் ஏற்றினார்கள். யார் யாருடையதோ உடம்புக்குள் போனதில் அவன் ரத்தம் சண்டைக்காரனாகிவிட்டது. வந்த அன்றே உன்னிடம் எடுத்த ரத்தத்தையும் அவன் ரத்தத்தையும் வெளி லேபில் சேர்த்துப் பார்த்தார்கள். பார்த்த மாத்திரத்தில் பாய்ந்து கடித்திருக்கிறது. உன்னுடையதை வைத்தால் ஆபரேஷன் மேஜையிலேயே கெட்டுப்போகும். இதில் நான் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை.

இவ்வளவு விளக்கம் ஏன் என்று உனக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து நீ ஒரு செய்தி அனுப்பினாய். "ரொம்ப தேங்க்ஸ்க்கா. உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல." அவ்வளவுதான். மருந்து எண்ணிக்கொண்டிருந்தேன், படித்துவிட்டு எண்ணிக்கையைத் தொடர்ந்தேன். எதற்கு நன்றி சொல்கிறாள், சமைத்துப் போட்டதற்கா என்று நினைத்தேன். பாதியில் கை நின்றுவிட்டது.

வாண்டு, நான் உனக்காகப் பொய் சொன்னேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அப்படியானால் அந்த அறையில் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை, ஊமைக்கோட்டானும் சொல்லவில்லை. ரிசல்ட் நிஜமாகவே பொருந்தவில்லை என்று அவளிடம் சொன்னபோது என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்போது எனக்குப் புரியவில்லை. உன் நன்றியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. முதலில் கோபம் வந்தது. நல்ல கோபம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தது நான், இவளுக்கு ஒரு ஆபரேஷன் பயமா என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்கிறவர் கெட்டவரில்லை என்று எத்தனை குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லியிருப்பேன். என் வீட்டு வாசலுக்கு வந்தபோது அதை எனக்கே நான் சொல்லிக்கொள்ள அன்று சாயங்காலம் எல்லாப் பாத்திரமும் கழுவி முடிக்க வேண்டியிருந்தது. ஊருக்கு உபதேசம் சுலபம். இப்போது கோபம் இல்லை. களைப்புதான் இருக்கிறது.

அடுத்ததைக் கேள். நீ விமானம் ஏறிய மறுநாள் எங்கள் பெரிய டாக்டர் டிவியில் வந்தார். அன்று என்னை வக்கீலா என்று கேட்ட அதே மனுஷர்தான். புதுக் கோட்டு, தலைக்கு மை. எங்கள் மருத்துவமனையில் தானம் செய்கிறவர்களின் மனசுக்கு எவ்வளவு மரியாதை என்று பேச ஆரம்பித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். விருப்பமில்லாதவர்களைக் காப்பாற்ற எங்கள் நர்ஸ்கள் பொருந்தவில்லை என்று ஓர் அன்பான பொய் சொல்லிவிடுவார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் வாயால் எங்களைக் கெடுத்தது. பேட்டி எடுத்த பெண் கைதட்டினாள். அம்மாவும் கைதட்டினாள். மாடி வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, "எம் பொண்ணு வார்டு, எம் பொண்ணு கொண்டுவந்தது" என்று காட்டினாள். உன் அண்ணன் சோபாவில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். 

அந்த வாரமே வினை வந்தது. எங்களிடம் வருகிற ஒரு தையல்காரருக்கு அவர் மனைவி தர முன்வந்திருந்தாள். அவளுக்கும் நிஜமாகவே பொருந்தவில்லை. நான் வெளியே வந்து சொன்னதும் தையல்காரரின் அம்மா லிப்ட் பக்கத்தில் நின்று, "அதான் டிவியிலயே சொல்லிட்டாங்களே, இவ மாட்டேன்னுருக்கா" என்று ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க, நான் தர்றேன்னுதானே சொன்னேன்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க முடியாது. இவள் சம்மதித்தாள் என்று நான் ஒரு தடவை சாட்சி சொன்னால், நாளைக்கு நான் சாட்சி சொல்லாத ஒவ்வொருத்தரும் சம்மதிக்காதவர் என்று ஆகிவிடும். அறையில் பேசியது அறையோடு. நான் போட்ட சட்டம்தான். அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் இப்போது தன் அக்கா வீட்டில் இருக்கிறாளாம்.

உன் விஷயமும் அதே வாரத்தில் வந்து சேர்ந்தது. புலி வருது கதைதான். அம்மாவிடம் பொருந்தவில்லை என்று சொன்னேன். "யாருகிட்ட சொல்ற இந்தக் கதைய" என்றாள். லேப் காகிதத்தைக் காட்டினேன். அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். "ரெண்டு பொண்ணும் சேந்துக்கிட்டீங்க" என்றாள். அதிலிருந்து உன் பேச்சை எடுப்பதில்லை. பெற்ற மனம் பித்து, அவளை நான் என்ன சொல்ல. உன்மேல் வைத்த ஆசையும் அவளுக்கு உண்டு, அவன்மேல் உள்ள பயமும் உண்டு. இப்போது பயம் பெரியதாகிவிட்டது.

மேலிடத்தில் என்னைக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். ஊர் ஊராகப் போய் நர்ஸிங் கல்லூரிகளில் இதைப் பற்றிப் பேச வேண்டுமாம். எதைப் பற்றி என்றேன். அந்த அன்பான பொய்யைப் பற்றி என்றார்கள். எனக்கு ஒரு மெஷினும் ரெண்டு நர்ஸும் கொடுங்கள், சால்வையை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சிரித்தார்கள், வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

அண்ணனுக்கு இனி காத்திருப்போர் வரிசைதான் வழி. சண்டைக்கார ரத்தம் என்பதால் வரிசை நீளும். அதுவரை டயாலிசிஸ். ஒழுங்காக வந்தால் ஓட்டலாம், பத்துப் பதினைந்து வருஷம் ஓட்டியவர்கள் எங்களிடமே இருக்கிறார்கள். நீ அவனுக்கு ஒரு போன் பண்ணு. நீ போனதிலிருந்து பண்ணவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றி எல்லாம் எனக்கு வேண்டாம்.

உன் அக்கா

*

என் வாண்டுக்கு,

தபாலில் போட நேரமில்லை. எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு. அங்கே இப்போது விடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இன்று செவ்வாய்க்கிழமை, இங்கே காலை ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் அண்ணன் வியாழக்கிழமை டயாலிசிஸுக்கு வரவில்லை. டிரைவிங் ஸ்கூலில் வேலை என்றான், நம்பினேன். சனிக்கிழமையும் வரவில்லை. அன்று நான் போன் பண்ணியபோது, "சிஸ்டர், எனக்கு இன்னைக்கு முடியாது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். சிஸ்டர் என்றானே, கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அவன் கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. படுத்தால் மூச்சு வாங்குகிறது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண்ணை மூடுகிறான். இது எங்கே போய் முடியும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொல்கிறேன், ஏனென்றால் பாதி சொல்லி விட்டதெல்லாம் போதும். தண்ணீர் நெஞ்சில் ஏறும், இல்லையென்றால் உப்புகள் ஏறி இதயம் நின்றுவிடும். இந்த வாரத்தைத் தாண்ட மாட்டான்.

நேற்று சாயங்காலம் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கோபமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அவ பயந்துட்டா, நீ காப்பாத்திட்ட. நல்லதுதான் செஞ்ச. உன் எடத்துல நானா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன்" என்றான். இல்லடா, நிஜமாகவே பொருந்தவில்லை என்றேன். லேப் காகிதத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தேன். சிரித்தான். "உன் வார்டு வழியா வந்த காகிதம்தானே, நீ என்ன வேணா அடிக்கலாம்" என்றான். டாக்டரைப் பேசச் சொல்கிறேன் என்றேன். "எந்த டாக்டர், டிவி டாக்டரா" என்றான். அந்த வாய்க்கு நான் எங்கே போவேன்.

பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளிவைத்தான். "எனக்காக எல்லாரும் பொய் சொல்லிக்கிட்டு அலையணுமா. அவ தூங்க மாட்டா, அம்மா பேச மாட்டா, நீ இந்த வயசுல இப்படி ஆயிட்ட. போதும்" என்றான். நான் கெஞ்சினேன், வாண்டு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நோயாளியிடமும் நான் கெஞ்சியதில்லை, எடுத்துச் சொல்வேன், விட்டுவிடுவேன். இவன் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். விரல் பதிந்த இடம் பள்ளமாகவே நின்றது. அவன் என் கையைத் தட்டிக்கொடுத்து, "வேண்டாம்னு சொல்றவங்கள யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. அதானே சிஸ்டர் உங்க சட்டம்" என்றான். நான் எழுந்து போய் முகம் கழுவினேன். வேறு என்ன செய்ய முடியும். சட்டம் என்னுடையதுதான்.

அம்மா இப்போது உன்னைத் திட்டுவதை விட்டுவிட்டாள். அவன் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, அவள் கொடுக்காவிட்டால் போகிறது, நீ ஆஸ்பத்திரிக்கு வாடா என்று அழுகிறாள். அப்படிச் சொல்லச் சொல்லத்தான் அவன் நம்புவது உறுதியாகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்குத் தெம்பில்லை.

இங்கே வார்டில் நேற்று எல்லோரையும் கூட்டி ஒன்று சொல்லிவிட்டேன். இனிமேல் பொருந்தவில்லை என்ற வார்த்தை இந்த வார்டில் கிடையாது. யாராக இருந்தாலும், எந்தக் காரணமாக இருந்தாலும், இவரிடமிருந்து எடுப்பதற்கில்லை, காரணம் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான். நிஜத்துக்கும் பொய்க்கும் ஒரே பதில். ஒரு புதுப் பெண், அப்போ நிஜமாகவே தர நினைத்தவர்களுக்கு என்ன ஆறுதல் சிஸ்டர் என்று கேட்டாள். நல்ல கேள்வி.  ஊமைக்கோட்டான் மட்டும் எல்லோரும் போன பிறகு நின்றாள். "நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்குங்க" என்றாள். அவள் சொந்தமாக வாய் திறந்து சொன்னது அது ஒன்றுதான்.

உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நேற்று நான் எழுந்து போகும்போது அவன் ஒன்று சொன்னான். "நெஜமாவே பொருந்தலன்னா அவ அன்னைக்கே அழுதுக்கிட்டு எனக்குப் போன் பண்ணிருப்பா. அவ எங்கிட்ட எதையும் அடக்கி வச்சதே இல்ல. இத்தனை நாளா பண்ணலயே." அவனுக்கு என் காகிதம் சாட்சியில்லை, வாண்டு. உன் மௌனம்தான் சாட்சி.

நீ ஏன் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். பொருந்தவில்லை என்று லேப் சொல்வதற்கு முன்னாலேயே நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டாய்.  அவன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவோம், அழுதால் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறாய். தெரிந்தால் தெரியட்டும். பயந்தேன் அண்ணா என்று அவனிடமே சொல்லு, அவன் ஒன்றும் செய்ய மாட்டான். சின்ன வயசில் ஊசிக்குப் பயந்து நீ கட்டிலுக்கு அடியில் ஒளிந்தபோது உனக்குக் காவல் நின்றவன் அவன்தான். சொல்ல வேண்டாம் என்றால் அதையும் சொல்லாதே. கொடுக்க ஆசைப்பட்டேன் என்று பொய் சொல்ல வேண்டாம், பொய் போதும் இந்த வீட்டுக்கு. சும்மா திட்டு. ஏன்டா டயாலிசிஸுக்குப் போகல, எருமை என்று கேள். ரிமோட்டுக்குச் சண்டை போட்ட அதே குரலில் கேள். அவனை நம்ப வைக்க என்னால் முடியாது, அம்மாவால் முடியாது, டாக்டரால் முடியாது. நீ ஒருத்தி மிச்சம்.

மதிய ஷிப்டுக்கு அவன் மெஷினைக் கழுவித் தயாராக வைத்திருக்கிறேன். வேறு யாரையும் அதில் ஏற்றவில்லை. வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு மெஷின் பழுதானதால் காலையிலிருந்து காத்திருக்கிறார். அவரை ஏற்றுவதுதான் நியாயம். புதுப் பெண் வந்து சிஸ்டர் அவரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள், கொஞ்சம் இரு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சொந்தம் பார்த்து மெஷின் கொடுக்கக் கூடாது என்று அவளுக்குப் போன வாரம்தான் சொல்லிக்கொடுத்தேன். மதிய மணி அடிக்கும்வரை வைத்திருப்பேன். அதற்கு மேல் அந்தப் பெரியவர் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

நீயும் குழந்தைகளும் நன்றாக இருக்க வேண்டும், நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நீ எனக்கு அன்றும் இன்றும் ஒன்றுதான், அந்த அறையில் நீ சொன்னதால் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. இப்போதே கூப்பிடு. நான் கூப்பிடச் சொன்னேன் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதே. அதுவும் என் ஏற்பாடு என்று நினைத்துவிடுவான்.

உன் அக்கா